விக்டோரியா பிடித்த கயிறு

மன்னிப்பு கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பனையடித்துறையில் ஆளாளுக்கு விக்டோரியாவிடம் கேட்டார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் இன்னாசி கேட்டார். அவர் மனைவி கேட்டாள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் கேட்டார்கள். கோயில் மணி அடிக்கிறவர்கூட வழிமறித்து, ஒரு வார்த்தைதானே, வாய் சுளுக்கிக்கொள்ளவா போகிறது என்றார். அந்த ஒரு வார்த்தையை ரெக்ஸன் வாயிலிருந்து வாங்கித் தருகிறேன் என்று சொல்ல மட்டும் அந்த ஊரில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற கடலோர ரோட்டில் இருக்கிறது பனையடித்துறை. ஊர் முகப்பில் இறால் உரிக்கிற கம்பெனி. விக்டோரியா அங்கே பதினொரு வருஷமாக உரிக்கிறாள். முதலாளியின் மகன் ரெக்ஸன், தலைவர் இன்னாசிக்குத் தங்கை மகன். உரிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் உள்ளே இருக்கிற கிராமங்களிலிருந்து காலைப் பஸ்ஸில் வரும் பெண்கள். அவர்களுக்கு இங்கே கோயிலும் இல்லை, கமிட்டியும் இல்லை, சாதியும் வேறு. கேட்க நாதியில்லாதவர்கள் என்று ரெக்ஸன் நினைத்தான். அப்படி நினைத்தது அவன் ஒருவன் மட்டுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐஸ் அள்ளப் போன விக்டோரியா, குளிர் அறை உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்த்தாள். வேலை நேரத்தில் அந்தக் கதவை யாரும் தாழிடுவதில்லை. ஐஸ் உடைக்கிற கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். உள்ளே ரெக்ஸன் சந்தனமாரியின் வாயைப் பொத்தி, அடுக்கியிருந்த பெட்டிகளோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். காலைப் பஸ்ஸில் வருகிற பத்தொன்பது வயசுப் பிள்ளை. வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சுடிதார் தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. விக்டோரியாவுக்குக் கத்தத் தோன்றவில்லை. கம்பியை ஓங்கி அவன் முழங்கையில் ஒரு போடு போட்டாள்.

"பாத்ததை இங்கனயே மறந்துரு," என்று ரெக்ஸன் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "இல்லன்னா நீ இந்த ஊர்ல குடியிருக்க முடியாது."

விக்டோரியா தன் முந்தானையால் அந்தப் பிள்ளையின் தோளை மூடி, தூத்துக்குடி போகிற அடுத்த பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினாள். பஸ்ஸில் சந்தனமாரிக்குப் பேச்சே வரவில்லை. பல்லோடு பல் அடித்தது. குளிர் அறையின் குளிர் இல்லை அது.

"ஏளா மாரி, என் கையைப் பிடி. எங்க வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில அவரால பேச முடியாதுல்ல? இடுப்புல கயிறு கட்டியிருக்கும். ஒருக்கா இழுத்தா, நான் நல்லா இருக்கேன், கயிறை விடுன்னு அர்த்தம். ரெண்டு தரம் இழுத்தா, என்னைத் தூக்குன்னு அர்த்தம். நீயும் பேச வேண்டாம். முடியலைன்னா ரெண்டு தரம் இழு, நான் பாத்துக்கிடுதேன்."

தூத்துக்குடி மகளிர் காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு கேள்விக்கும் விக்டோரியாவின் கை இரண்டு தரம் இழுபட்டது. ஒவ்வொரு தரமும் அவள், "மேடம், பிள்ளை கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்," என்றாள். புகார் எழுதி முடித்ததும் சாட்சி என்கிற இடத்தில் விக்டோரியா கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இரண்டு பேரும் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரெக்ஸன் அன்று சாயந்திரமே ஊரைவிட்டு நழுவிவிட்டான். எங்கே இருக்கிறான் என்று போலீஸைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. கமிட்டிக் கட்டடத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. பெண் மேல் வழக்கு என்றால் அவள் வாசலுக்கு வெளியே நிற்பாள், உள்ளே புருஷன் பதில் சொல்வான். விக்டோரியாவின் புருஷன் கஸ்பார் உள்ளே தலை குனிந்து நின்றான். இருபது வருஷமாகக் கடலுக்கு அடியில் இறங்கி ஏறுகிற மனுஷன், பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாய் கட்டிப்போய்விட்டான்.

"ஊருக்குள்ள முடிக்க வேண்டியதை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனது தப்பு," என்றார் இன்னாசி. "அதுவும் யாரோ ஒரு வெளியூர்ப் பிள்ளைக்காக நம்ம பையனைக் காட்டிக் கொடுத்திருக்கா. கையை வேற நீட்டியிருக்கா. கஸ்பாரு, உன் பொண்டாட்டி கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி, இந்த வாசல்ல முழங்கால்ல நின்னு மன்னிப்பு கேக்கணும். என்ன சொல்லுத?"

வெளியே நின்ற விக்டோரியாதான் சொன்னாள்.

"தலைவரே, அந்தப் பிள்ளை இடத்துல உங்க மக இருந்திருந்தா நான் கதவைத் திறந்ததுக்கு எனக்கு மாலை போட்டிருப்பீங்க. நான் ஒரு தப்பும் செய்யல. முழங்கால் போட மாட்டேன்."

"பொம்பளை பேசக் கூடாதுன்னு தெரியாதா?"

"பொம்பளை பேசக் கூடாத இடத்துல பொம்பளை கதையை எதுக்குப் பேசுதீங்க?"

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. விக்டோரியா மன்னிப்பு கேட்கிறவரைக்கும் ஊரில் ஒருத்தனும் கஸ்பாரின் வள்ளத்தில் ஏறக் கூடாது. ஏறினால் அவனுக்கும் அதே கதி.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியாது. வள்ளத்தில் யாரும் ஏறாவிட்டால் என்ன, தானே ஓட்டிக்கொண்டு போகலாமே என்பார்கள். சங்கு குளிக்கிறவன் தனியாகப் போக முடியாது. அவன் எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் கிடக்கும்போது மேலே ஒருவன் கயிற்றையும் காற்று டியூபையும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கையை அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும். அதனால் இந்தக் கரையில் ஒரு வழக்கம். பாட்டன் முப்பாட்டன் முத்துக் குளித்த நாளிலிருந்து, குளிக்கிறவனின் மச்சான்தான் கயிறு பிடிப்பான். அண்ணன் தம்பிகூட ஒருவேளை கையை விடலாம், கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க மச்சானுக்கு மனசு வராது என்று கணக்கு. கஸ்பாருக்குக் கயிறு பிடித்தவன் விக்டோரியாவின் தம்பி தொபியாஸ். தீர்ப்பு யாரைக் குறிவைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை தொபியாஸ் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, தலைவர் வள்ளத்துல கயிறு பிடிக்க வரச் சொல்லுதாவ. நான் மாட்டேன்னு சொன்னா என்னையும் தள்ளி வச்சிருவாவ. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு."

"உங்க அத்தானை யாரு தூக்குவா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் நாளைக்கே வாரேன்."

விக்டோரியாவுக்கு அவன் கன்னத்தில் ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னாள். அவன் போன பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். கேட்டுவிடலாமா என்று அப்போது ஒரு தரம் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். முழங்கால் போட்டால் வலிக்கப் போவது முழங்கால்தானே என்றுகூட நினைத்தாள். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. சந்தனமாரி.

"அக்கா, அம்மா கேஸு வேண்டாம்ங்காவ. வீட்டு வாசல்ல ரெண்டு பேரு பைக்ல வந்து நின்னுட்டுப் போனானுவ. நீங்க வியாழக்கிழமை வருவீங்கல்ல? நீங்க வராட்டா நானும் போமாட்டேன். எனக்குத் தனியா சொல்ல வராது."

"வருவேன்," என்றாள் விக்டோரியா.

செவ்வாய்க்கிழமை பூராவும் கஸ்பார் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இன்னும் பத்து நாளில் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிடும். தண்ணீர் கலங்கினால் அடியில் சங்கு கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு பல மாதம் கரையில்தான். அன்று அவன் அவளிடம் கோபப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. புதன்கிழமை விடிந்ததும் டியூபைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"எங்க போறீங்க?"

"கடலுக்கு."

"கயிறு பிடிக்க ஆளு?"

அவன் கயிற்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கயிற்றை வள்ளத்திலேயே கட்டிவிட்டு இறங்கப் போகிறான் என்று விக்டோரியாவுக்குப் புரிந்துவிட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் கரைக்கு நடந்தாள்.

"நீ ஏறக் கூடாதுளா. பொம்பளை ஏறின வள்ளம்னு சொல்லுவானுவ."

"ஆம்பளை ஏற மாட்டேங்கிறான். பொம்பளையும் ஏறக் கூடாது. பின்னே யாரு, மாதா வந்து பிடிப்பாவளா?"

கரையில் இருந்தவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தன் துப்பினான். விக்டோரியா ஏறி உட்கார்ந்தாள். நாற்பது வயதில், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள், அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு வள்ளத்தில் ஏறினாள்.

கயிற்றின் பாஷை அவளுக்குத் தெரியும். அப்பா சங்கு குளித்தவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதை விளையாட்டாகவே விளையாடும். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. கஸ்பார் இறங்கினான். டியூபுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் தடதடத்தது. தூரத்தில், சங்கு கிடைக்கிற அதே கடலடித் திட்டின் மேல் ஊர் வள்ளங்கள் நாலைந்து நின்றன. அவற்றில் ஒன்று தலைவருடையது. தொபியாஸின் சிவப்புத் தொப்பி அங்கே தெரிந்தது. விக்டோரியா அந்தப் பக்கம் பார்க்காமல் கயிற்றையே பார்த்தாள். ஒரு இழுப்பு வந்தது. விட்டாள். இன்னொரு இழுப்பு. விட்டாள். மூன்று தரம் இறங்கி, மூன்று தரம் பை நிறையச் சங்கோடு ஏறினான். மூன்றாவது தரம் ஏறியபோது கஸ்பார் பல் தெரியச் சிரித்து, "உன் தம்பியைவிட நல்லாத்தான் பிடிக்க," என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அவளிடம் சிரித்தது அப்போதுதான்.

நாலாவது தரம் அவன் அடியில் வெகுநேரம் இருந்தான். திடீரென்று தடதடப்பு நின்றது. கம்ப்ரஸரின் பெல்ட் கழன்று விழுந்து கிடந்தது. டியூபில் காற்று இல்லை. அடுத்த நொடி கயிறு இரண்டு தரம் இழுபட்டது. மறுபடி இரண்டு தரம். மறுபடி.

ஒரு கை கயிற்றில் இருக்க, ஒரு கையால் பெல்ட்டை மாட்ட முடியாது. இரண்டு ஆள் வேலை அது. "ஏலே தொபியாசு!" என்று கத்தினாள். "யாராவது வாங்கலே! உங்க அத்தான் கீழ கெடக்காருலே!" வள்ளங்களில் தலைகள் திரும்பின. ஒரு வள்ளமும் நகரவில்லை. தொபியாஸ் எழுந்து நின்றதைப் பார்த்தாள். அவன் கையிலும் ஒரு கயிறு இருந்தது, அவனுக்குக் கீழேயும் ஒருவன் இருந்தான். விக்டோரியா காலை வள்ளத்தின் விளிம்பில் உதைத்துக்கொண்டு, உள்ளங்கைத் தோல் உரிய, நிறுத்தாமல் இழுத்தாள். மாதாவே என்றுகூடச் சொல்லவில்லை. இழு, இழு என்று தன்னைத் தானே ஏவிக்கொண்டாள். கஸ்பாரின் தலை மேலே வந்தது. மூச்சு இருந்தது.

கயிற்றை வேறொருவன் கையில் திணித்துவிட்டுக் குதித்து நீந்தி வந்த தொபியாஸ், வள்ளத்தில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இடையில நிறுத்துனியா?"

"எதுக்கு நிறுத்தணும்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நாலு தரம் இறங்கினவனை அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரே மூச்சாகத் தூக்கக் கூடாது. பாதியில் நிறுத்த வேண்டும், அப்புறம் தூக்க வேண்டும், மறுபடி நிறுத்த வேண்டும். இரண்டு ஆள் இருந்தால் ஒருவன் பெல்ட்டை மாட்டுவான், காற்று போகும், மற்றவன் பொறுமையாகத் தூக்குவான். இதெல்லாம் கரையில் சொல்லிக்கொடுப்பதில்லை, வள்ளத்தில்தான் சொல்லிக்கொடுப்பார்கள். வள்ளத்தில் பெண் ஏறக் கூடாது. அவளுக்கு எப்படித் தெரியும்? கரைக்கு வருவதற்குள் கஸ்பார், "காலு எங்க இருக்குன்னே தெரியலைளா," என்றான்.

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் அடைத்திருக்கின்றனவாம். அழுத்தக் காற்று கொடுக்கிற அறை இருக்கும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அங்கே இடம் கிடைத்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் புறப்படும் என்றார்கள். கூட ஒருத்தர் வர வேண்டும்.

பத்து மணி. கோர்ட்டில் பத்தரை. விக்டோரியா தன் கைகளைப் பார்த்தாள். கயிறு அறுத்த கோடுகளில் இரத்தம் காய்ந்திருந்தது. இந்தக் கைதான் அவர் காலைப் பிடுங்கியது என்று நினைக்க நினைக்க, சுவரில் முட்டிக்கொண்டாலும் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை இன்னாசி வார்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். குரலில் ஏகப்பட்ட இரக்கம்.

"பாத்தியா விக்டோரியா, ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். போனது போகட்டும். நீ புருஷன்கூட ஆம்புலன்ஸ்ல ஏறிப் போ. பொண்டாட்டின்னா அதானே முறை? கோர்ட்டுக்குப் போகாட்டா போதும். நீ மன்னிப்பு கேட்டதா நான் ஊர்ல சொல்லிக்கிடுதேன். கஸ்பாரை ஊர் பாத்துக்கிடும்."

விக்டோரியாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவள் கட்டிலின் பக்கம் திரும்பி, கஸ்பாரின் அசையாத பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் முழங்கால் போட்டாள். இன்னாசியின் முகம் மலர்ந்தது.

"உங்ககிட்ட மட்டும் கேக்கேன்," என்றாள் கஸ்பாரிடம். "நான்தான் நிறுத்தாமத் தூக்கிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எந்திளா," என்றான். "நீ தூக்கலைன்னா நான் அங்கனயே கெடந்திருப்பேன். எங்கிட்டயும் கேக்காத, எவன்கிட்டயும் கேக்காத. அன்னைக்கு கமிட்டியில நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. அதான் தப்பு." பிறகு தலையைத் திருப்பி இன்னாசியைப் பார்த்தான். "தலைவரே, பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்போ இவன்கூட யாரு போவா?" என்றார் இன்னாசி.

வார்டு வாசலில் தொபியாஸ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. உள்ளே வந்தான். தலைவரை அவன் பார்க்கவே இல்லை.

"நான் போறேன். அத்தானுக்குக் கயிறு பிடிக்கது எஞ்சோலி. நடுவுல நாலு நாளு விட்டுட்டேன்." அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ கோர்ட்டுக்குப் போக்கா. அங்கன ஒரு பிள்ளை நிக்குமே."

ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரைக்கும் விக்டோரியா கஸ்பாரின் கையை விடவில்லை. கால் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. வராவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியாது. ஊருக்குத் திரும்பினால் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவார்களா என்றே தெரியாது. அத்தனையும் தெரியாமல்தான் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோவில் அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டே அழுதாள்.

கோர்ட் வராந்தாவில் சந்தனமாரி அவள் அம்மாவோடு தூண் ஓரமாக நின்றாள். பத்தரை தாண்டி ஆறு நிமிஷம். எதிர்ப்பக்கத்தில் கமிட்டி ஆட்கள் நாலு பேர், வெள்ளை வேட்டி, கையில் போன். விக்டோரியாவைக் கண்டதும் பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்தது. கை சில்லிட்டிருந்தது.

"வர மாட்டீங்கன்னு அவிய சொன்னாவ. உங்க வீட்டுக்காரருக்கு..."

"பொழைச்சிக் கெடக்காரு. நீ உன் சோலியைப் பாரு."

சந்தனமாரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாக்குமூலம் கொடுக்கிறவர் மட்டும்தான் உள்ளே போகலாம், கூட யாரும் வரக் கூடாது என்று கதவருகில் நின்ற பெண் போலீஸ் சொன்னாள். பிள்ளை நின்றுவிட்டது. விக்டோரியாவின் புண்ணான உள்ளங்கை இரண்டு தரம் இழுபட்டது. வலி உச்சந்தலைவரைக்கும் ஏறியது. தூக்கு என்கிறாள். எங்கே தூக்குவது? எப்படித் தூக்குவது?

இந்தத் தரம் விக்டோரியா அவசரப்படவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றாள். பெண் போலீஸ் வாயைத் திறந்தாள். "கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றாள் விக்டோரியா. எதிர்ப்பக்கத்து ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். பிள்ளையின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கி ஒரு நிதானத்துக்கு வந்தது.

"நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன். எங்கயும் போமாட்டேன். நடந்தது நடந்தபடி சொல்லு. எதுக்கும் தலை குனியாத."

சந்தனமாரி கதவைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை இழுத்தாள். ஒரே ஒரு தரம்.

விக்டோரியா கையை விட்டாள்.